பால்சுறாவைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது எப்படி

பால்சுறா கையில் கிடைத்தால் முதலில் அதை மல்லாக்கப் போடுங்கள். விலை, எடை, கறி கெட்டியாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். இரண்டு மார்புத் துடுப்புகளுக்கும் நடுவே, வெள்ளை வயிற்றில் விரலை வைத்துத் தடவுங்கள். சின்னதாக ஒரு பிளவு தட்டுப்பட்டால் அதுதான் தொப்புள். விளிம்பு சிவந்து, ஈரமாக, வாய் திறந்து இருந்தால் அந்தச் சுறா பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கும். மூடிக் கோடாகியிருந்தால் சில வாரம். கோடும் மறைந்து வழவழவென்று இருந்தால் கடலில் கொஞ்சக் காலம் பிழைத்துக் கிடந்த சுறா.

"மீனுக்கு ஏது தொப்புள்?" என்று என் அம்மாவே கேட்டாள். தூத்துக்குடியில் நாற்பது வருடம் மீன் விற்றவள். ஆயிரக்கணக்கில் சுறா வெட்டியிருப்பாள். ஆனால் வெட்டுகிறவர்கள் முதுகைப் பார்த்து வைத்துத்தான் வெட்டுவார்கள். தோலை உரிக்க அதுதான் வசதி. வயிற்றுப் பக்கம் குடல் எடுக்க மட்டும்.

என் மூத்த மகள் பிறந்த நான்காம் நாள், அதே அம்மா ஒரு தூக்குவாளி நிறையச் சுறாப்புட்டு கொண்டுவந்து, "பால் நல்லா ஊறும், ஒழுங்கா தின்னு" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பால்சுறா என்ற பெயரே அந்த நம்பிக்கையில் வந்ததுதான். ஆங்கிலத்திலும் அதை அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள். தெலுங்குக் கரையிலும் பால சொர்ரா என்ற பேர் உண்டு. 1803லேயே பாட்ரிக் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்கார மருத்துவர் விசாகப்பட்டினத்து மீன்களை எழுதிவைத்தபோது அந்தப் பேரையும் பதிந்திருக்கிறார். அறிவியல் பெயர் ரைசோப்ரியோனோடான் அக்யூட்டஸ். செங்கடல் ஓரம் ஜித்தாவில் கிடைத்த சுறாவை வைத்து 1837இல் ரூப்பெல் என்ற ஜெர்மானியர் விவரித்தது. ஆக, நம் ஊர் பிள்ளைத்தாய்ச்சி சாப்பாடு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் கரையோரம் பிழைக்கிற ஒரு ஜீவன்.

நான் விலங்கியல் படித்தவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் ஒரு திட்டத்தில் மீன் கணக்கெடுக்கும் ஒப்பந்த வேலை கிடைத்தது. காலையில் திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள், இரவில் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள். ஒன்பது வருடம். திட்டம் முடிந்து வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கீழே எழுதுவது யாரும் செய்யக்கூடியது. பட்டம் வேண்டாம், படகு வேண்டாம், மீன் வாங்கப் போகிற கூடையோடு இன்னும் நாலு சாமான் சேர்த்துக்கொண்டால் போதும்.

அந்த நாலு சாமானைச் சொல்லிவிடுகிறேன். தையல்காரர் நாடா வேண்டாம். ஈரத்தில் நீளும், சுறாவின் வளைவோடு சேர்ந்து வளையும். ஒரு மீட்டர் மர அளவுகோல் அல்லது இரும்பு நாடா. பென்சில்; பேனா வேண்டாம், ஐஸ் தண்ணீர் பட்டால் ஒரு காலை வேலை முழுக்க நீலக் கறையாகிவிடும், எனக்கு ஆகியிருக்கிறது. கெட்டி அட்டை போட்ட சின்ன நோட்டு. கைப்பேசி. ரப்பர் கையுறை இருந்தால் நல்லது. சுறாத் தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் பட்டு, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள். தோல் முழுக்கப் பல் போன்ற நுண்ணிய செதில்கள். செத்த சுறாவின் பல்லும் வெட்டும், மறந்துவிடாதீர்கள்.

அதைவிட முக்கியம், எப்போது குறுக்கே போகக்கூடாது என்பது. ஏலம் ஓடும்போது மீனைத் தொடாதீர்கள். கூறு கட்டி, விலை முடிந்து, வாங்கியவர் பெட்டியில் ஐஸ் அடிக்கும் முன்னால் ஐந்து நிமிடம் கிடைக்கும். அதுதான் உங்கள் நேரம். வாங்கியவரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். "அண்ணாச்சி, அளந்துட்டு அப்படியே வச்சிருதேன்" என்றால் யாரும் மறுத்ததில்லை. முதல் மாதம் ஒரு ஏலக்காரர், "என்ன தாயி, சுறாவுக்கு ஜாதகம் எழுதுதியா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம் என்றேன். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எந்த ஊர், வேறென்ன எழுதுகிறோம்?

படகின் பெயரையும் பதிவு எண்ணையும் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கிற படம் ஒருவர் பிழைப்பில் கை வைப்பதாக ஆகிவிட்டால் அடுத்த நாள் அந்தக் கரையில் உங்களுக்கு இடமில்லை. அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட.

சரி, கையில் இருப்பது பால்சுறாதானா?

இங்கேதான் நான் மூன்று மாதம் வீணடித்தேன். கரையில் முழங்கை நீளத்துக்குக் கிடக்கும் சாம்பல் நிறச் சுறாவுக்கெல்லாம் பால்சுறா என்றுதான் பேர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அது போதும், எல்லாமே புட்டுக்கு ஆகும். நானும் அப்படியே எழுதினேன். மூன்று மாதம் கழித்து என் படங்களைப் பார்த்த மூத்த ஆய்வாளர் ஒருவர், ஒரே கூறுக்குள் நாலு இனம் இருக்கிறது என்று காட்டினார். படம் எடுக்காத நாட்களின் கணக்கை மொத்தமாக அடித்துவிட்டோம்.

அவர் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் வாயோரம். பால்சுறாவின் வாய் மூலையில் இருந்து மேல்தாடை வழியாக முன்னோக்கி ஒரு பள்ளம் ஓடும், சிரித்துச் சிரித்து விழுந்த கோடு மாதிரி. நன்றாகத் தெரிகிற நீளமான கோடு. அதே வாய் மூலைக்குச் சற்றுப் பின்னால் விரலால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். குண்டூசியால் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள், பக்கத்துக்கு ஏழுக்குக் குறையாமல் இருக்கும். இதன் தம்பி ஒன்று உண்டு, ரைசோப்ரியோனோடான் ஒலிகோலிங்ஸ். அதற்குக் கோடும் குட்டை, துளைகளும் குறைவு. உருவத்திலும் அது சின்னது.

அடுத்தது துடுப்பு. இரண்டாவது முதுகுத் துடுப்பு, அதாவது வாலுக்கு அருகில் இருக்கிற குட்டித் துடுப்பு, எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அதற்கு நேர் கீழே அடிப்பக்கம், வாலுக்கு முன்னால் இன்னொரு துடுப்பு இருக்கும். பால்சுறாவில் கீழ்த்துடுப்பு முன்னதாகவே தொடங்கிவிடும். மேலே உள்ளது பின்தங்கி, கீழ்த்துடுப்பு முடியப்போகிற இடத்தில் எழும்பும். மற்ற பெரிய சுறாக்களின் குட்டிகளில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று நேராக இருக்கும். வாய்க்கோடும் அவற்றில் இருக்காது, அல்லது தேடினால்தான் தெரியும். துடுப்பு நுனியில் மை தொட்டமாதிரிக் கறுப்பு இருந்தாலும் ஒதுக்கிவையுங்கள், அது வேறு ஜாதி. பெரிதாக வளரவேண்டியது, குட்டியிலேயே வந்துவிட்டது. அந்தக் கறுப்பு நுனிக்காரர்களில் ஒன்றுக்கு கார்காரைனஸ் சொர்ரா என்று பேர். நம் சுறாதான் லத்தீனில் போய் உட்கார்ந்திருக்கிறது.

கண்ணின் பின்னோரத்தில் கத்தியால் கீறியதுபோல் ஒரு சின்ன வெட்டு இருந்தால் அது லாக்ஸோடான் மேக்ரோரைனஸ். கண்ணும் பெரிதாக இருக்கும். தலை தட்டையாக, கொத்தனார் கரண்டி மாதிரி அகலமாக இருந்து, மார்புத் துடுப்பு குட்டையான முக்கோணமாக இருந்தால் ஸ்கோலியோடான். விலங்கியல் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பேர் தெரியும். எங்கள் காலத்தில் அறுத்துப் பார்த்தது அதைத்தான். அதன் உடலமைப்பை இந்திய மாணவர்களுக்கென்று விரிவாக எழுதியவர் எவாஞ்சலின் தில்லையம்பலம் என்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி. லக்னோவில் பேராசிரியையாக இருந்தவர், ஆண்டு 1928. கல்லூரியில் அந்த வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்த எனக்கு, எழுதியது ஒரு தமிழ்ப்பெண் என்று யாரும் சொல்லவில்லை. சில வருடம் முன்புதான் தெரிந்தது. நாலு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொம்பன் சுறாவில் குழப்பமே இல்லை, சுத்தியல் மாதிரி இருக்கிற தலையே சொல்லிவிடும். ஆனால் கூறுக்குள் கொம்பன் குட்டி கிடந்தால் தனியாக ஒரு படம் எடுங்கள். நம் கடலில் கிடைக்கிற ஸ்ஃபைர்னா லெவினி என்ற கொம்பன் மிகமிக அருகிவிட்ட இனமாக உலகப் பட்டியலில் இருக்கிறது.

படம் எடுப்பதில் ஒரு கஞ்சத்தனமும் வேண்டாம். ஒரு சுறாவுக்கு நாலு படம்: துடுப்புகளை விரித்துவைத்து முழு உடம்பு பக்கவாட்டில்; வாய் தெரியத் தலையின் அடிப்பக்கம்; பின்பக்கத்து இரண்டு துடுப்புகள்; தொப்புள். எல்லாவற்றிலும் அளவுகோல் தெரியவேண்டும். ஃப்ளாஷ் போட்டால் ஈரத்தோல் பளபளத்து ஒன்றும் தெரியாது. நிழலில் வைத்து எடுங்கள்.

அளப்பதில் ஒரே ஒரு வித்தைதான். மூக்கு நுனியிலிருந்து வாலின் மேல் நுனி வரை. சுறாவின் வால் மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை அப்படியே விட்டு அளந்தால் ஒரு நீளம், கீழே அமுக்கி உடம்போடு நேராக்கி அளந்தால் வேறு நீளம். அமுக்கி அளங்கள், எப்போதும் அமுக்கியே அளங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாக அளந்தால் இரண்டு பேர் கணக்கையும் சேர்க்கமுடியாது. அளவுகோலைத் தரையில் வைத்து அதன்மேல் சுறாவைக் கிடத்துங்கள்; சுறாமேல் கோலை வைத்தால் வயிற்றுப் பருமன் நீளத்தில் சேர்ந்துவிடும்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது? பால்சுறா பிறக்கும்போது 25 முதல் 39 சென்டிமீட்டர். ஒரு பள்ளிக்கூட அளவுகோல் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு வருவது எழுபது சென்டிமீட்டரை ஒட்டி. அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். நம் பக்கம் ஒரு மீட்டரைத் தொட்டால் அது பெரிய சுறா. ஆக, கடையில் புட்டுக்கென்று கேட்டு வாங்குகிற முக்கால் கிலோ, அரைக்கிலோ சுறாக்கள் எல்லாம் பள்ளிக்கூடம் போகிற வயசு.

ஆணா பெண்ணா என்று பார்ப்பது சுலபம். அடிவயிற்றில் இடுப்புத் துடுப்புகளின் உள்ளோரத்தில் இரண்டு விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். பெண்ணுக்கு அவை கிடையாது. அந்த விரல்களைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். வெந்த முருங்கைக்காய் மாதிரித் துவண்டால் இன்னும் பருவம் வரவில்லை. உள்ளே எலும்பு இருப்பதுபோல் விறைத்து, முன்பக்கமாகத் திருப்பினால் திரும்பினால் வயதுக்கு வந்த ஆண். சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்துதான். அந்தக் குருத்தில் சுண்ணாம்பு ஏறி இறுகுவதைத்தான் உங்கள் விரல் உணர்கிறது. நோட்டில் நான் "து" என்றும் "வி" என்றும் எழுதுவேன், துவளுது, விறைச்சிருக்கு.

பெண் சுறாவை வெளியே பார்த்து முடிவுகட்ட முடியாது. அதற்கு மீன் வெட்டுகிற அக்காமார் தயவு வேண்டும். எனக்கு ஒருத்தர் வாய்த்தார். சந்தையில் வெட்டுக்கத்தியோடு உட்கார்ந்திருப்பார். வாயில் வெற்றிலை, பேச்சு குறைவு. அவர் பக்கத்தில் ஒரு மணைப்பலகை போட்டு உட்கார்ந்துவிடுவேன். சினைச்சுறா வந்தால் கத்தியை நிறுத்திவிட்டுத் தாடையால் காட்டுவார்.

முதல் முறை பார்த்ததை எழுதவேண்டும். எண்பது சென்டிமீட்டர் இருக்கும். வயிற்றைக் கீறி ஒதுக்கியதும் இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு பைகள். பையைப் பிரித்தால் உள்ளே ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனி அறை, மெல்லிய சவ்வு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு பால்சுறா, முழுசாக, கண்ணோடு, துடுப்போடு, மடக்கி அடுக்கின மாதிரி. ஒவ்வொன்றின் நெஞ்சிலிருந்தும் ஒரு கொடி கிளம்பித் தாயின் பைச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி. அந்த முனையில் நஞ்சு, பிரசவத்தில் பிள்ளைக்குப் பின்னால் விழுமே, அது. புத்தகத்தில் படித்ததுதான், பரீட்சைக்கு எழுதினதுதான்: முதலில் கரு மஞ்சள் கருவைத் தின்று வளரும், அது தீர்ந்ததும் அந்த மஞ்சள் கருப் பையே தாயின் சுவரோடு ஒட்டி நஞ்சாக மாறும், அதன்பின் தாய் ரத்தத்தில் இருந்து சத்து வரும். ஆனால் கையில் கொடியோடு பார்ப்பது வேறு. வெட்டுகிற அக்கா அதுவரைக்கும் அதைக் குடல் என்றுதான் நினைத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாராம். "இது நம்மள மாதிரில்லா இருக்கு" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார்.

நீங்கள் பார்க்க நேர்ந்தால் எண்ண வேண்டியது குட்டிகளை. பால்சுறாவுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்துக்குள் நிற்கும். ஒரு குட்டியின் நீளத்தையும் எழுதுங்கள், எவ்வளவு மாத சினை என்பதை அதுதான் காட்டும். சூல் ஏறக்குறைய ஒரு வருடம். மனுஷியைவிட அதிகம். அதே கடலில் சாளைமீன் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையைக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. இது ஒரு வருடம் சுமந்து மூணு பிள்ளை, அது வயதுக்கு வர இன்னும் இரண்டு மூன்று வருடம். மீன்வளக் கணக்குகள் எல்லாம் சாளை மாதிரி மீன்களை மனசில் வைத்துப் பழகியவை. சுறாவுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

எல்லாச் சுறாவும் இப்படிப் பிள்ளை பெறுவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன், கடற்கரையில் நடக்கிறவர்களுக்கு உதவும். பாறைகளுக்கிடையே தரையில் படுத்துக் கிடக்கும் மூங்கில் சுறா முட்டையிடும். முட்டை என்றால் ஓடு இல்லை. பழுப்பு நிறத்தில் தோல்பர்ஸ் மாதிரி, உள்ளங்கைக்குள் அடங்கும். காய்ந்து கரையில் ஒதுங்கியிருந்தால் எடுத்து ஒரு படம் எடுங்கள். கனமாக, ஈரமாக, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஏதோ அசைந்தால் படமெல்லாம் வேண்டாம், முழங்கால் தண்ணீரில் கல்லிடுக்கில் வைத்துவிட்டு வாருங்கள்.

நோட்டுக்கு வருவோம். ஒரு சுறாவுக்கு ஒரு வரி போதும். நான் எழுதுவது இப்படி: தேதி, எந்தக் கரை, என்ன வலை, செவுள்வலையா இழுவைமடியா தூண்டிலா, எத்தனை பாகத் தண்ணீரில் பட்டது (பாகம் என்றால் கடலாழ அளவு, ஏறக்குறைய ஆறடி), இனம், நீளம், ஆண் என்றால் து அல்லது வி, தொப்புள் திறப்பா கோடா இல்லையா, வயிற்றில் குட்டி எத்தனை. பாகக் கணக்கை எப்படியும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஐந்து பாகமா பதினைந்து பாகமா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. எந்தப் பாறைப் பக்கம், எந்தப் பார் (கடலடித் திட்டு) என்று இடம் கேட்காதீர்கள். அது அவர்கள் சொத்து, சொல்லமாட்டார்கள், சொன்னாலும் பொய்யாக இருக்கும்.

சுறா கிடைக்காத நாளையும் எழுதுங்கள். "போனேன், இல்லை" என்று. இது எல்லாரும் விடுவது. கிடைத்த நாளை மட்டும் எழுதினால் வருடம் முழுக்கச் சுறா கிடைத்த மாதிரித்தான் இருக்கும். ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்று சொல்லுகிற கழிசல் மீன் குவியலையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். கோழித்தீவன ஆலைக்குப் போகிற குவியலில்தான் கையளவு குட்டிகள் கிடக்கும், ஏலத்துக்கு வராமலே போய்விடும்.

இதெல்லாம் எதற்கு என்று என் மகன் ஒருநாள் கேட்டான். 1947இல் தொடங்கின மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம்தான் பல வருடமாகக் கணக்கெடுக்கிறதே, நீ எதற்கு என்று. நியாயமான கேள்வி. அவர்கள் எவ்வளவு டன் இறங்கியது என்று மதிப்பிடுகிறார்கள், பெரிய வேலை, இந்தியா முழுமைக்கும். ஆனால் உங்கள் ஊர்க் கரையில் திறந்த தொப்புளோடு குட்டிகள் வரத் தொடங்குவது எந்த மாதம், எத்தனை பாகத்தில், எந்த வலையில் என்பதைத் தினம் அங்கே நிற்கிற ஆள்தான் சொல்லமுடியும். இரண்டு மூன்று வருட நோட்டைக் கையில் வைத்துப் புரட்டினால் அந்த வாரங்கள் தனியாகத் தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்கு இருக்கிறது. அது பொதுவான தடை, பால்சுறா பிள்ளை பெறும் காலத்தைக் கேட்டுப் போட்டதில்லை. உங்கள் நோட்டில் அந்த வாரங்கள் தடைக்குள்ளே வந்தால் நல்லது. வெளியே வந்தால், கரைக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணி வலையை அந்தக் கொஞ்ச நாள் வேறு பக்கம் விரிக்கலாமே என்று ஊர்க்கூட்டத்தில் பேச ஒரு ஆதாரம் கையில் இருக்கிறது. கையை வீசிக்கொண்டு போய் "சுறாவைக் காப்பாத்துங்க" என்றால் நாற்காலிகூடப் போடமாட்டார்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படங்களைப் போடலாம்; தேதி, ஊர் போட்டால் இனம் சரிதானா என்று பார்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். என் அடையாளங்களில் சிலதை அங்கே திருத்தியிருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டத்தைப் பற்றி நிறையக் குழப்பம். பால்சுறாவைப் பிடிப்பதோ விற்பதோ சாப்பிடுவதோ நம் ஊரில் குற்றமில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020இல் இதை அழியவாய்ப்புள்ள இனமாக மதிப்பிட்டது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில் இந்தக் குடும்பத்துச் சுறாக்கள் மொத்தத்தையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு வருடம் கழித்து நடைமுறைக்கு வந்தது. நாடு விட்டு நாடு போவதற்கு இனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அர்த்தம், சந்தையில் வாங்குவதற்கு அல்ல. பீலியை, அதாவது துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் வீசுவது 2013 முதல் கூடாது. பீலி ஏற்றுமதி 2015இல் நிறுத்தப்பட்டது. முற்றிலும் தொடக்கூடாதவை வேறு: திமிங்கலச் சுறா, ரம்பம் மாதிரி மூக்குள்ள வேளா மீன் போன்றவை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவை வலையில் பட்டால் வலையை அறுத்து விடவேண்டியதுதான்.

படகில் போகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. செவுள்வலையில் மாட்டின பால்சுறா சீக்கிரம் செத்துவிடும். நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. தூக்கும்போது உயிரோடிருக்கிற குட்டியை வாலைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். உள்ளே குடல் குலையைத் தாங்க விலா எலும்பு கிடையாது. அடிவயிற்றில் ஒரு கை, வால் அடியில் ஒரு கை, தண்ணீரில் விட்டுவிடுங்கள். சினைச்சுறா பதறினால் தளத்திலேயே குட்டிகளைத் தள்ளிவிடும். அப்படி விழுந்தது துள்ளினால் அதற்கும் இதேதான். மூங்கில் சுறா வேறு ரகம். படுத்த இடத்திலேயே தண்ணீரை உறிஞ்சி மூச்சு விடுகிறது, தளத்தில் வெகுநேரம் கிடந்தும் உயிரோடிருக்கும். அதற்குச் சந்தையில் பெரிய விலையும் இல்லை. கடைசியாக மீன் பிரிக்கும்போதுகூட எடுத்துப் போடலாம்.

இனி வாங்குகிறவர்கள். நான் சுறா சாப்பிடுவதை விடவில்லை; விட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தொப்புள் திறந்ததையும் கோடாக இருப்பதையும் வாங்குவதில்லை. ஒரு முழத்துக்குக் குறைந்தது எதையும் வாங்குவதில்லை. சினைச்சுறாவும் இல்லை. அப்படிக் கழித்தால் மாதத்தில் ஒருநாள் கிடைத்தாலே பெரிது. விறைத்த ஆண் சுறாவாகக் கேட்டு வாங்குவேன். கடைக்காரம்மாவுக்கு இப்போது பழகிவிட்டது, முதலில் ரொம்பச் சங்கடப்பட்டார்.

வாடையைப் பாருங்கள். சுறா தன் உடம்பில் யூரியாவை வைத்துக்கொண்டுதான் உப்புத் தண்ணீரில் பிழைக்கிறது. செத்ததும் அது அம்மோனியாவாக மாறும். மூத்திர வாடை லேசாக அடித்தாலும் பழசு. நல்ல மீனை மஞ்சள்பொடி போட்ட தண்ணீரில் வேகவைத்து, தோலை வழித்து, கையால் பிழிந்து உதிர்த்துக்கொள்ளுங்கள். பிழிகிற தண்ணீரோடு மிச்ச வாடையும் போய்விடும். சின்ன வெங்காயமும் பூண்டும் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாமா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். சுறா மற்ற மீனைத் தின்று வாழ்கிற மீன். அந்த மீன்களில் உள்ள பாதரசம் இதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். பெரிய, வயதான சுறாவில் அதிகம். அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சுறாவையே தவிர்க்கச் சொல்கிறது. பால் ஊறவென்று கொடுக்கிற மீன், பால் கொடுக்கிறவள் தின்னவேண்டாம் என்கிற பட்டியலில் இருக்கிறது. என் மூத்த மகளுக்குப் போன வருடம் பிரசவம் ஆனது. அம்மா, எண்பது வயதில், தூக்குவாளியோடு வந்துவிட்டாள். திறந்து பார்த்தேன். சாளைமீனை வேகவைத்து, முள்ளெடுத்து, அதே வெங்காயம் அதே பூண்டில் உதிர்த்திருந்தாள். "சொறா கிடைக்கலையா?" என்றேன். கிடைத்ததாம். கடையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாளாம்.